ஆளில்லாத் தோணியில் ஓர் ஆள்

– மாட்டன் எண்டா மாட்டன், ஏர்னஸ்ட் சேர். அந்தத் தூரிகையை முதல்ல மேசையில வைங்க.

– சுலோஜனா, மை டியர், கொஞ்சம் பொறுமையா யோசிங்க. ஒரேயொரு ஆள். தோணிக்குப் பின்னால, மங்கலா, சாம்பல் நிறத்தில. அஞ்சு நிமிஷ வேலை.

– என்ட படத்திட பேர் என்ன?

– 'ஆளில்லாத் தோணி'.

– மறுகா? அதுக்குள்ள ஆளை ஏத்தச் சொல்றீங்க.

– நான் சொல்லல்ல, நடுவர் குழு சொல்லுது. முதற்பரிசுப் பாராட்டுரையை அச்சடிச்சு, ஹோல்ல கதிரைக்கு ஒண்டு வெச்சாச்சு. பத்து மணிக்குத் திறப்பு விழா. தலைமை நடுவர் கொழும்பில இருந்து வந்து ஹோட்டல்ல குளிச்சிட்டிருக்கார். வந்து பாத்து, எங்க அந்த ஆள் எண்டு கேட்டா, இருபத்திரண்டு வருஷம் இந்த நீர்வண்ணச் சங்கத்துக்குச் செயலாளரா இருந்த நான் என்ன சொல்ல?

– அந்தப் பாராட்டுரையை இன்னொருக்கா வாசிங்க.

– இப்ப எதுக்கு?

– வாசிங்க சேர்.

– "தோணியின் மேல் எழுந்து நிற்கும் தடித்த மனித நிழல், வாவியில் மறைந்துபோன அனைவருக்குமாக ஒரு கையை உயர்த்தி மன்றாடுகிறது. அதன் உச்சந்தலையில் விழும் ஒளி..."

– ஏன் நிப்பாட்டிட்டீங்க?

– "...விடியலின் முதற்கீற்று."

– அது டியூப் லைட். உங்கட வழுக்கையில பட்ட டியூப் லைட். தூக்கின கையில இருக்கிறது உங்கட போன். படங்களுக்குக் கண்ணாடி போட்ட பிறகு, நேர முன்னால நிண்டு போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில நடுவர்மாருக்கு அனுப்பினது நீங்க. கொஞ்சம் பக்கவாட்டில கிறுகி நிண்டு எடுத்திருந்தாலும் இந்தக் கரைச்சல் இல்ல.

– அவங்க நேரில வந்து தெரிவு செய்யிறதெண்டுதான் இருந்த. கடைசியில வர நேரமில்லையாம்.

– பரிசு குடுக்க மட்டும் நேரம் இருக்கு.

– நான் நாப்பத்திரண்டு படம் எடுத்தன், சுலோஜனா. ஃபேன் வேலை செய்யாத அறையில, தனிய, வேர்த்து வடிய எடுத்தன்.

– நாப்பத்திரண்டிலயும் நிண்டிருக்கிறீங்க. இரண்டாம் பரிசு பிரஷாந்திட பாலத்தில ஏதோ காவல் தெய்வம் நிக்குதாம். மூண்டாம் பரிசு புஸ்பம் அக்காட பூச்சாடிக்குப் பின்னால 'அடக்குமுறையின் உருவம்' ஒளிச்சிருக்காம். அந்த மனிசி ரெண்டு நாளாப் பூச்சாடியைப் பாத்துக்கொண்டு இருக்கிறா.

– அதை அவங்க குறையாச் சொல்லல்ல. "மட்டக்களப்பு ஓவியர்களிடம் ஒரு பொதுவான துயர உருவம் காணப்படுகிறது" எண்டு அறிக்கையில தனிப் பந்தி எழுதி இருக்காங்க. சங்கத்துக்கு அது கௌரவம்.

– நாங்க எதைக் கீறினாலும் அதுக்குள்ள ஒரு செத்த ஆள் இருந்தாத்தான் அவங்களுக்கு அது படம். ஏழு வருஷம் அனுப்பினன். வெறும் தண்ணி, வெறும் வானம். ஏழு வருஷமும் திரும்பி வந்த. இப்ப பரிசு வந்திருக்கு, உங்கட வயித்துக்கு.

– அது வயிறில்ல. போன் பிடிச்ச கோணம்.

– பொறுங்க. உங்கட 'வெளிச்சவீடு, அந்திப்பொழுது'க்கு ஒண்டும் கிடைக்கல்லியே. அதுக்குள்ள மட்டும் நீங்க நிக்கல்லியா?

– அது... கண்ணாடி போட முதல் எடுத்தது. காலமை வெயில்ல, வெள்ளைத் துணி விரிச்சு.

– நல்ல கவனம். அதுக்கு என்ன எழுதி இருந்தாங்க?

– அதை விடுங்க.

– சொல்லுங்க சேர்.

– "திறமை உண்டு. மனிதர் இல்லை."

– பாவம்.

– சிரிக்காதீங்க. இப்ப ஹோலுக்கு வாங்க. நீங்க தொட வேணாம், நானே தோணிக்குப் பக்கத்தில தொட்டும் தொடாம ஒரு தீற்றல் –

– தோணிக்குப் பக்கத்தில இருக்கிற அந்த வெள்ளை என்ன நிறம் சேர்?

– அது நிறமில்ல. தாள். நிறம் படாம விட்ட இடம்.

– அந்த வெள்ளையை விட்டு வைக்கப் பதினொரு தாள் கிழிச்சன். மூண்டு மாசம். நீர்வண்ணத்தில போன வெள்ளையைத் திருப்பி எடுக்க ஏலாதெண்டு ஒவ்வொரு ஞாயிறும் எங்களுக்கு வகுப்பெடுக்கிறது ஆரு?

– நான்தான்.

– அதுக்கு மேலதான் உங்கட ஆளை நிப்பாட்டப் போறீங்க.

– அப்ப வேற வழி சொல்லுங்க.

– கண்ணாடியைக் கழட்டுங்க. மேடையில ஏறி நடந்ததைச் சொல்லுங்க. வெறும் படத்தை அவர் பாக்கட்டும். பிடிச்சாப் பரிசு தரட்டும், பிடிக்காட்டி நான் படத்தைக் கக்கத்தில வெச்சுக்கொண்டு பஸ் ஏறுறன். என்ட மனிசன் அறுவடையை விட்டுட்டு, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு முன்வரிசையில வந்து இருக்கார். அவருக்கு முன்னால, ஒருக்கா, ஒரேயொருக்கா, நான் கீறினதை ஒராள் பாக்கணும். அவ்வளவுதான்.

– வாவிக் காத்து பட்டாத் தாள் சுருங்கும்.

– சுருங்கட்டும்.

– சங்கத்திட மானம்?

– அது வாட்ஸ்அப்பிலயே சுருங்கிட்டு.

– ...சரி. சொல்றன். இருபத்திரண்டு வருஷத்தில ஒரு நாளாவது நான் சொல்ற பேச்சை ஆக்கள் முழிச்சிருந்து கேக்கட்டும். ஃபிரேம் போட்ட றிப்ஷானைக் கூப்பிட்டுக் கண்ணாடியைக் கழட்டச் சொல்லுங்க.

– ஏற்கெனவே குறடோட ஹோலுக்கு அனுப்பிட்டன்.

– என்னட்டக் கேக்காமலா?

– ஓம். அந்தா, அவரே வாறார். என்ன றிப்ஷான் நானா, கழட்டியாச்சா?

– இல்ல டீச்சர். கிட்டப் போக விடுறாரில்ல.

– ஆரு?

– கொழும்பு நடுவர். நேரத்தோட வந்திட்டார். ஒங்கட படத்துக்கு நேர, மூக்கு முட்டுற மாதிரி நிக்கார். கண்ணெல்லாம் கலங்கி இரிக்கி.

– என்ட படத்தைப் பாத்தா? கேட்டீங்களா சேர்? பாக்கிறார். நான் சொன்னன்தானே, நேரில பாத்தா விளங்கும் எண்டு. நானா, வேற என்ன சொன்னவர்?

– போட்டோவில கண்டதை விட நேரில அந்த உருவம் நல்லாத் தெளிவா இரிக்காம், டீச்சர். கொஞ்சம் மெலிஞ்சு, கழுத்தில டையும் கட்டி இரிக்காம்.