மூணாவது கணக்கு

— நீ முதல்ல இந்தப் படியில உக்காரு. தண்ணி குடி. முகமே வெளிறிப் போயிருக்கு.

— தண்ணியெல்லாம் வேணாம். ஒரு நிமிஷம். நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. என் பரீட்சை ஹால்ல, எனக்கு முன் பெஞ்சுல, நீ என்னம்மா பண்ணிட்டிருந்தே?

— பரீட்சை எழுதிட்டிருந்தேன்.

— என்ன பரீட்சை?

— உன்னோடதேதான்டா. மெக்கானிக்கல் வைப்ரேஷன்ஸ்.

— காலையில சித்தி வீட்டுக்குப் போறேன்னுதானே சொன்னே? ஹால் டிக்கெட் எடுத்துக்கிட்டியான்னு வாசல் வரைக்கும் வந்து கேட்டியே.

— என்னோடது என் பையில இருக்கான்னு தடவிப் பாத்துட்டுத்தான் உன்னைக் கேட்டேன். சரி விடு. இவ்வளவு பெரிய காலேஜ், உனக்கு வேற ஹால் விழும்னு நெனச்சேன். நீ வழக்கம்போல மணி அடிச்சப்புறம் ஓடி வந்து, எனக்குப் பின்னாடியே பொத்துனு உக்காந்தே. எனக்கு அப்பவே பாதி உயிர் போயிருச்சு.

— எனக்கு முழு உயிரும் போச்சு. நீ பேப்பரைக் கொடுக்க எந்திரிச்சுத் திரும்பினே பாரு, யாரோ அம்மா மாதிரியே இருக்காங்களேன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா அம்மாவே.

— மூணு மணி நேரம் என் முதுகைப் பாத்துட்டிருந்திருக்கே. அடையாளம் தெரியல.

— யாரும்மா பரீட்சை ஹால்ல முன்னாடி இருக்கறது தன்னோட அம்மாவான்னு பாப்பாங்க? ஏதோ பழைய பேட்ச் ஆன்ட்டின்னு நெனச்சேன்.

— பழைய பேட்ச் ஆன்ட்டிதான். அதுல தப்பில்ல.

— ஒரு நிமிஷம். நீ இன்ஜினியர். அப்பாவும் இன்ஜினியர். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா சொல்ற முதல் வார்த்தையே அதுதான், ‘நாங்க ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்’னு. அப்புறம் எதுக்கு உனக்குப் பரீட்சை?

— ஒரே கிளாஸ்தான். அவர் முடிச்சார். எனக்கு ஒரு பேப்பர் நின்னு போச்சு.

— இந்தப் பேப்பரா?

— இதேதான்.

— நான் இதுல ஃபெயில் ஆனப்ப என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா? வைப்ரேஷன்ஸ்ல ஃபெயில் ஆனவன் இந்த உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டான்னு சொன்னே. சாப்பிடக்கூட விடல.

— வாய் தவறிச் சொல்லிட்டேன். ரெண்டு பேர்.

— சிரிக்காதம்மா. நீ இன்ஜினியர் இல்லையா? நெஜமாவே இல்லையா?

— இல்லடா. சொல்லணும்னு எத்தனையோ தடவை வாயைத் திறந்திருக்கேன். பையன் மனசுல நீ படிச்சவளா இருக்கே, அதைக் கெடுத்துக்காதேம்பார் உங்கப்பா. எனக்கும் அது சௌகரியமா இருந்துச்சு. பொய் சொல்றோம்கிறதே மறந்து போச்சு.

— இப்ப மட்டும் என்ன வந்துச்சு?

— பட்டறை முதலாளி கூப்பிட்டார். ஃபேன் ரோட்டர் அதிராம சமன் பண்ற பேலன்சிங் பிரிவு முழுசையும் இனிமே நீங்களே பாத்துக்குங்கன்னார். இவ்வளவு நாள் அவர்கிட்ட பில் எழுதிட்டிருந்த எனக்கு எப்படி இருந்திருக்கும்? சந்தோஷத்துல தலையாட்டிட்டேன். அடுத்த வார்த்தை, டிகிரி சர்டிபிகேட்டை ஒரு தடவை காட்டிருங்கன்னார். பேங்க் லாக்கர்ல இருக்குன்னேன்.

— லாக்கர்லயா.

— வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல. அப்பதான் யூனிவர்சிட்டி அறிவிப்பு வந்துச்சு. பழைய பேட்ச்சுக்கு ஒரே ஒரு கடைசி வாய்ப்பு. இதை விட்டா இனிமே கிடையாது. நீ காலேஜ் போனதும் உன் புத்தகத்தை எடுத்து வெச்சுப் படிச்சேன். புத்தம் புதுசா இருந்துச்சுடா, பிரிச்ச வாடையே இல்ல.

— அப்பாவுக்குத் தெரியுமா?

— தெரியாது. பாஸ் பண்ணிட்டுச் சொல்லலாம்னு இருக்கேன்.

— எப்படி எழுதியிருக்கே?

— நல்லாத்தான். ஃப்ரீ வைப்ரேஷன் கணக்கு, டேம்பிங் கணக்கு ரெண்டும் கைக்கு வந்துச்சு. மூணாவது கணக்குதான் நீளம். அந்த மோட்டார், ஸ்பிரிங், அன்பேலன்ஸ். நீ?

— முதல் ரெண்டும் சுமார். மூணாவது மட்டும் முழுசாப் போட்டேன்.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— ‘ஆன்ட்டி, பேப்பரைக் கொஞ்சம் தள்ளி வைங்க, வேலை கிடைச்சிருக்கு, இதுல போனா போயிரும்’னு பின்னாலேருந்து ஒரு குரல். பெத்த பிள்ளையோட குரல் தெரியாதா எனக்கு?

— ஐயோ. நீ தெரிஞ்சேதான் தள்ளி வெச்சியா?

— வைக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். கை நகர்ந்துருச்சு. திட்டாதே, எனக்கே என் மேல கோவம். ஒரு தடவை இதே மாதிரி நகர்த்தித்தான் எல்லாம் போச்சு.

— எல்லாம்னா?

— கடைசி செமஸ்டர். இதே பாடம். பின்னாடி பெஞ்சுல உங்கப்பா. காட்டுன்னார், காட்டினேன். செக்கிங் வந்தவங்க பாத்துட்டாங்க. ரெண்டு பேரையும் நிக்க வெச்சு, யாரைப் பாத்து எழுதினேன்னு உங்கப்பாவைக் கேட்டாங்க. ‘அவதான் சார் காட்டினா’ன்னார்.

— அப்பாவா?

— பொய் இல்லடா. காட்டினது நான்தானே. உண்மையை ஒத்துக்கிட்டார்னு அவருக்கு அந்தப் பேப்பர் மட்டும் ரத்து. காட்டினவளுக்கு ரெண்டு வருஷம் எழுதத் தடை. அதுக்குள்ள கல்யாணம், நீ, வீடு, உன் ஸ்கூல்னு ஓடிப் போச்சு.

— இவ்வளவுக்கு அப்புறமும் அவரையா கல்யாணம் பண்ணிக்கிட்டே?

— தேம்பித் தேம்பி அழுதார். பயத்துல சொல்லிட்டேன்னார். அந்த வயசுல பயம் எனக்குப் புரிஞ்சுது. நல்ல மனுஷன்தான், அதையும் சொல்லணும். ஆனா அவர் யார்கிட்டயாவது ‘நாங்க ரெண்டு பேரும் இன்ஜினியர்’னு சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள்ள பத்திக்கிட்டு எரியும். சரி விடு. மூணாவது கணக்குல ஆம்ப்ளிட்யூட் என்ன வந்துச்சு உனக்கு?

— உனக்கு வந்ததுதான் எனக்கும். ஒரு வரிகூட மாத்தல.

— கேள்வித்தாளைக் கொடு, இன்னொரு தடவை போட்டுப் பாக்கறேன். மோட்டார் எடை... நூத்தி இருபது கிலோ. நூத்தி இருபதா?

— இருநூத்திப் பத்துன்னுதானே போட்டிருந்தே?

— அவசரத்துல மாத்தி எழுதிட்டேன் போலிருக்கே. போகட்டும், முறை சரிதான், பாதி மார்க்காவது வரும். நீ சரியான எடையைத்தானே போட்டே?

— நானும் இருநூத்திப் பத்துதான்.

— கேள்வித்தாளையே பாக்கலையாடா நீ?

— உன் பேப்பரைத்தான் பாத்தேன்.

— கடவுளே. நல்ல விடை ஒண்ணா இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க. தப்பு ஒண்ணா இருந்தா?

— அம்மா, அங்க பாரு. ஹால் சூப்பர்வைசர் நம்மளை நோக்கித்தான் வர்றார்.

— கையில என்ன, பேப்பரா?

— ரெண்டு பேப்பர்.

— மேடம், கொஞ்சம் இருங்க. தம்பி, நீயும் போயிராதே. அதாவது, பேப்பரைக் கட்டும்போது மேலாகப் புரட்டினேன். நானும் இந்தப் பாடம் எடுக்கறவன்தான், கண்ணுல பட்டுருச்சு. மோட்டார் எடை நூத்தி இருபது. இந்த ஹால்ல ரெண்டே பேர் இருநூத்திப் பத்துன்னு எழுதியிருக்கீங்க, அதுவும் முன்னும் பின்னும் உக்காந்து.

— சார், அது வந்து...

— முழுசாச் சொல்லிடறேன் மேடம். அதாவது, பாத்து எழுதினவனுக்கு ஒரு வருஷம் தடை. தெரிஞ்சே காட்டியிருந்தா அவங்களுக்கும் தடை. நீங்க கடைசி வாய்ப்புல எழுதறீங்க. உங்களுக்குத் தடைன்னா, அதோட முடிஞ்சது. அதனாலதான் மேல எழுதி அனுப்பறதுக்கு முன்னாடி நேரா வந்து கேக்கறேன். யாரைப் பாத்து யார் எழுதினது?

— நான் சொல்றேன் சார். தப்பு என்னோடது. காட்டினது...

— நீங்க பேசாதீங்க ஆன்ட்டி. சார், எட்டிப் பாத்தது நான். இவங்க காட்டல. இவங்களுக்கு எதுவும் தெரியாது.

— அப்புறம் எதுக்கு ரெண்டு பேரும் இங்க உக்காந்து இவ்வளவு நேரம் பேசிட்டிருந்தீங்க? தெரிஞ்சவங்களா?

— சார், இவன் என்னோட...

— மன்னிப்புக் கேக்க வந்தேன் சார். அவங்களுக்குத் தெரியாம பாத்து எழுதிட்டேன்னு இப்பதான் சொன்னேன், திட்டிட்டிருக்காங்க. வேலை போனாலும் பரவாயில்ல, என் பேப்பர்ல என்ன எழுதணுமோ எழுதிக்குங்க. இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது.