இடது கண்ணாடியில் ஒரு கைரேகை

அவையை ஆளும் தலைவர் அவர்களே! அறிவுக்கு அணிசெய்யும் ஆசிரியப் பெருமக்களே! நாற்காலி கிடைக்காமல் நிற்கும் தோழர்களே! முதல் வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் என் அன்னையே! அனைவருக்கும் தலைதாழ்ந்த வணக்கம்.

அருங்காட்சியகவியலும் மரபுக் காப்பும் பயிலும் முதுகலை மாணவன் நான். வகுப்பில் என் பட்டப்பெயர் 'பளபளப்பு'. அழுக்கைக் கண்டால் எனக்கு ஆகாது. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், கொஞ்ச நேரம்தான்.

இந்தக் கண்காட்சிக்கு ஆளுக்கொரு வீட்டுப் பொருள் கொண்டுவரச் சொன்னார் பேராசிரியர். தையற்காரரான என் தந்தை மறைந்து மூன்றாண்டு. அவருடைய மூக்குக்கண்ணாடியை அம்மா எடுத்துக் கொடுத்தார். "பாத்துடா, பத்திரம்" என்றார்.

பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டேன்! கையுறை அணிந்தேன். காய்ச்சி வடித்த நீரில் பஞ்சை நனைத்தேன். படித்த படிப்பையெல்லாம் அந்தப் பழைய கண்ணாடிமேல் காட்டினேன். மின்னியது! பெருமையோடு நீட்டினேன்.

அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "இதுல அப்பா கட்டைவிரல் பதிஞ்சிருந்துச்சே, எங்கடா?"

என்ன சொல்வேன் அவையோரே? ஊசியில் நூல் கோக்கும்முன் இடது கண்ணாடியைக் கட்டைவிரலால் தள்ளி ஏற்றுவது அவர் வழக்கம். அந்த ரேகையைத் துணி படாமல், தூசி படாமல் மூன்றாண்டு காத்தவர் அம்மா. அதை அழித்தது யார்? காலமா? கரையானா? கள்வனா? இல்லை ஐயா, பெற்ற பிள்ளை!

பேராசிரியரிடம் ஓடினேன்.

"தொடைக்கிறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்தியா? குறிப்பு எழுதினியா?"

"இல்லைங்க மேடம்."

"பஞ்சாவது இருக்கா?"

குப்பையில் போட்டிருந்தேன். எழுதாமல் தொடாதே என்பது எங்களுக்கு நடத்திய முதல் பாடம். கல்லூரி அருங்காட்சியகத்தின் பழைய வாளைத் துடைத்தபோது அதைக் கடைப்பிடித்தேன்; தந்தையின் கண்ணாடிக்கு, நம் வீட்டுப் பொருள்தானே என்று விட்டுவிட்டேன்.

அதைக் காட்சிக்கு வைக்கவே மாட்டேன் என்று அம்மாவிடம் அழுதேன். "ஏண்டா? வை. நடந்ததை அப்படியே எழுதி வை. நான் போனப்புறம், அந்தக் கை அங்க இருந்துச்சுன்னு சொல்ல யாருடா இருக்கா?"

எழுதிவிட்டேன். வாசலருகே மூன்றாம் பேழையில் இருக்கிறது: "பொருள்: மூக்குக்கண்ணாடி. நிலை: மிகத் தூய்மை. இழப்பு: இடது கண்ணாடியில் ஒரு கட்டைவிரல் ரேகை. துடைத்தவர்: மகன்."

நாளை பெரும் அருங்காட்சியகங்களின் பேழைகளைத் திறக்கப்போகும் தோழர்களே! அழுக்கென்று தோன்றினால் நில்லுங்கள்! யாருடையது என்று கேளுங்கள்! கேட்டதை எழுதுங்கள்! பிறகு தொடுங்கள்!

பொறுமையோடு கேட்ட அவைக்கு நன்றி, வணக்கம். நான் இறங்குகிறேன். அம்மா இன்னும் அந்தப் பேழையைப் பார்க்கவில்லை. கைபிடித்து அழைத்துப்போக வேண்டும்.