எதிர்சாரித் தண்ணீர்

தாம்பரத்தில் வேளச்சேரி பஸ் ஏறி உட்கார்ந்தேன். முன் சீட்டில் இருந்த ஒரு பெண், பக்கத்தில் இருந்த தோழியிடம் பஸ்ஸே கேட்கும்படி சொன்னார்:

“எதிர்சாரி தொகுதித் தண்ணிய எங்க தொகுதியில வுட்டாங்கடீ!”

“இன்னாக்கா சொல்ற?”

“முன்னெல்லாம் எங்க தெரு மொத்தமும் தென்சென்னைதான். எல்லைய மாத்துனப்போ எங்க சாரிய மட்டும் தூக்கி ஸ்ரீபெரும்புதூர்ல போட்டுட்டாங்க. அந்த ஊரு எங்க கீது, நாங்க எங்க கீறோம்? போன மழையில ரெண்டு சாரியிலயும் முட்டியளவு தண்ணி. எதிர்சாரிக்கு ஒரு கட்சிக்காரரு வண்டியில மோட்டார் எடுத்தாந்தாரு. அங்க எறைச்ச தண்ணிய, பைப்பு போட்டு எங்க வாசல்ல வுட்டாரு. கேட்டா, ‘உங்க ஓட்டு இந்தத் தொகுதியில இல்லியேம்மா, உங்க எம்.பி.ய கேளுங்க’ன்றாரு!”



“நீ சும்மாவா வுட்ட?”

“பைப்ப மடக்கி அது மேலயே உக்காந்துட்டேன். ‘எந்திரிம்மா, மோட்டார் பூடும்’னு கத்துனாரு. நான் நகரல. எதிர்வூட்டு மேரி இறங்கி வந்தா. அவ வூட்லயும் அடுப்பு முழுவிக் கிடக்குது, என்னைய திட்டப்போறான்னு நெனச்சேன். ஆனா அவளும் என் பக்கத்துல வந்து உக்காந்தா. அவ பின்னாலயே அந்தச் சாரி பொம்பளைங்க எல்லாரும் வந்துட்டாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா, வேற பைப்பு எடுத்து தெருமுனை கால்வாய்ல வுட்டாரு. ரெண்டு சாரியும் வடிஞ்சுது. அவ்ளோ நீள பைப்ப மொதல்லேர்ந்து வண்டியிலயே சுருட்டி வெச்சிகினு இருந்திருக்காருடீ அந்த மனுசன்!”