புத்தி நாலு

— சிரிச்சதுக்குக் கோவம் இல்லம்மா. எதுக்கு அப்படிச் சிரிச்சாங்கன்னுதான் கேக்கறேன்.

— ஆட்டம் நைனா. ஞாயித்துக்கிழமை ஆபீஸ் பசங்க வருவாங்க, ஆடுவோம், அவ்ளோதான். கையை ஆட்டாத. புத்தூர்ல போட்ட கட்டு இன்னும் ஒரு வாரம் இருக்கணும்.

— சீட்டும் இல்ல, காயும் இல்ல. பகடைய உருட்டிக்கினு பேசிக்கினே இருந்தீங்க.

— ஆளுக்கு ஒரு வேஷம். ஒருத்தன் திருடன், ஒருத்தி மந்திரக்காரி. பலம் எவ்ளோ, புத்தி எவ்ளோன்னு பகடை போட்டு மார்க் வெப்போம். எனக்குப் பலம் பதினெட்டு விழுந்துச்சு. புத்தி நாலு.

— எத்தினிக்கு நாலு?

— பதினெட்டுக்கு.

— கண்ணாடி போட்ட பொண்ணுதான் மந்திரக்காரியா? அவளுக்கு எத்தினி?

— பதினேழு.

— உன் செருப்பை மாட்டிக்கினு போயிட்டா, பாரு.

— விடு நைனா, நாளைக்கு ஆபீஸ்ல வாங்கிக்கறேன். புத்தி கம்மியா இருந்தா அந்த மாதிரியே பேசணும். அதான் ரூல்.

— செருப்பைக் கழட்டி அக்குள்ல இடுக்கிக்கினு நிக்கறதும் ரூலா? ஆட்டத்துல வழியில ஊர் பேரு எழுதி நட்ட கல்லைக் காட்டி, "இது எந்த ஊரு சாமி, எனக்குத் தெரியாது சாமி"ன்னியே. உள்ள படுத்துக்கினு பாத்தேன், கேட்டேன். என் கொரலாவே இருந்துச்சு.

— உன்னை நெனச்சுச் செய்யல.

— ராஜா நீட்டுன பேப்பர்ல கைநாட்டு வெச்சானே நீ வேஷம் போட்ட ஆளு, அது? அதுக்குத்தான் ரொம்ப நேரம் சிரிச்சாங்க.

— அதுல என்ன எழுதியிருக்குன்னு அந்த மக்குக்குத் தெரியாது இல்ல? கூட வந்தவங்களை எல்லாம் அடிமையா எழுதிக் குடுத்துட்டான். அதான்.

— அப்ப அதுவும் என்னை நெனச்சு இல்ல.

— எத்தினி வாட்டி சொல்றது? இல்ல.

— மார்க் எழுதுன பேப்பர்ல, பேர் போடுற எடத்துல என் பேரை, நாகையான்னு எழுதி வெச்சிருக்கியே. தெலுங்குல.

— யாரு சொன்னது? பவன்குமாரா? அவன்தான் தண்ணி குடிக்க உள்ள வந்தான்.

— யாரும் சொல்லல. நீ அவங்களை ஆட்டோ ஏத்திவிடப் போனியே, அப்ப மேசை மேல கெடந்துச்சு. படிச்சேன்.

— உனக்குப் படிக்கத் தெரியாது.

— நீ பொறக்கறதுக்கு முன்னாடியே தெரியும். தொண்ணூத்தொண்ணுல ஊரூரா வந்து பெரியவங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுத்தாங்க. நம்ம ஊரு குடுபல்லியில நானும் உங்கம்மாவும் ஒண்ணாத்தான் போய் உக்காந்தோம். வேலை செஞ்ச கல் குவாரியில மூச்சு விடல. எழுத்து தெரிஞ்சவன்னா மேஸ்திரி வேலைக்கு எடுக்க மாட்டான்.

— பொய் சொல்லாத நைனா. அம்மா கல்லு உருண்டு செத்தா. அன்னிக்கு அவ வேலைக்கே வரலன்னு ஓனர் எழுதிக்கினு வந்தான். நீ கைநாட்டு வெச்ச. பாவம், நைனாவுக்குப் படிக்கத் தெரியாது, ஏமாத்திட்டாங்கன்னு சொல்லிச் சொல்லித்தான் பதிமூணு வருஷமா உன் மூஞ்சியப் பாத்துக்கினு இருக்கேன்.

— தெரியும்மா. அதனாலதான் உன்கிட்டயும் படிக்கத் தெரியாத மாதிரியே இருந்தேன்.

— என்ன சொல்ற நீ?

— அந்தப் பேப்பரை ரெண்டு வாட்டி படிச்சுப் பாத்துட்டுத்தான் கைநாட்டு வெச்சேன். வெச்சா உன்னைக் குப்பம் டவுன்ல இங்கிலீஷ் ஸ்கூல்ல சேத்து விடறேன்னான் ஓனர்.