புதன்கிழமை நோயாளிகளின் டாக்டரம்மா

மேடையில் இருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, துறையின் மூத்தவர்களே, டாக்டரம்மாவின் கணவரே, மகளே, பின்வரிசையில் இன்னும் மூச்சை நிதானப்படுத்திக்கொண்டிருக்கும் அவருடைய புதன்கிழமை இதயப் பிரிவின் நோயாளிகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் அவருடைய உதவி மருத்துவன். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை.

டாக்டரம்மா இறந்தது மூளையில் ரத்தம் கசிந்து. இதயத்தால் அல்ல. அதில் தேடிப் பிடிக்க ஓர் அர்த்தமும் இல்லை.

இதயம் சுருங்குகிறது. எல்லோரும் அதைத்தான் அளக்கிறார்கள். சுருங்கியது தளர வேண்டாமா? தளர்ந்தால்தானே ரத்தம் உள்ளே வரும்? தளராவிட்டால் நுரையீரலில் தேங்கும். மல்லாந்து படுக்க முடியாது. ஒரு வாளித் துணி துவைத்தால் இரைக்கும். ஆனால் ரிப்போர்ட்டில் 'பம்ப்பிங் நார்மல்' என்றிருக்கும். அதற்குக் கீழே, 'தளர்வு சற்றுக் குறைவு, வயதுக்கு ஏற்றது.'

வயதுக்கு ஏற்றது! இந்தச் சொல்லை வெறுத்ததுபோல வேறெதையும் அவர் வெறுத்து நான் பார்த்ததில்லை. "வயசு எனக்கும்தான் ஆகுது. அதுக்காக நான் உட்கார்ந்துக்கிட்டா தூங்குறேன்?"

ஒரு தையல்காரம்மா வந்தார். கூடவே கணவர்.

"ரிப்போர்ட் எல்லாம் சுத்தம் மேடம். வேலைன்னு சொன்னாத்தான் இவளுக்கு மூச்சு வாங்கும்."

டாக்டரம்மா எழுந்தார். "வாங்க ரெண்டு பேரும், மாடி ஏறிட்டு வருவோம்."

"நான் எதுக்கு மேடம்?"

"பேச்சுத் துணைக்கு."

நானும் பின்னால் போனேன். கணவர் பேசிக்கொண்டே ஏறினார். முதல் திருப்பத்தில் மனைவி கைப்பிடியைப் பற்றி நின்றுவிட்டார். பதில் சொல்ல வாய் திறந்தார். சத்தம் வரவில்லை. அப்போதுதான் கணவரின் பேச்சு நின்றது. உடனே அந்த அம்மாவைச் சாய்த்துவைத்து ஸ்கேன் எடுத்தோம். ஓய்வில் ஒளிந்திருந்த, தளராத இதயத்தின் அழுத்தம் திரையில் தெரிந்தது.

இது நல்லபடியாக முடியவில்லை. மாத்திரையில் நீர் வடிந்தது, கால் வீக்கம் குறைந்தது, சில வருடங்கள் மீண்டும் தையல் மெஷினில் உட்கார்ந்தார். பிறகு இறந்தார். அவருக்கு முன்னும் பின்னும் பலர். இறுகிய இதயத்தை டாக்டரம்மாவால் இளக்க முடியவில்லை. யாரால் முடிந்திருக்கிறது?

அவர் செய்தது வேறு. போன் செய்வார். ஒவ்வொரு வருடமும், வந்துபோன ஒவ்வொருவர் வீட்டுக்கும். "இருக்காங்களா?" இல்லை என்றால் அடுத்த கேள்வி: "எப்படிப் போனாங்க?"

தையல்காரம்மாவின் கணவர் ஸ்பீக்கர் அதிரக் கத்தினார். "இதையெல்லாமா கேப்பீங்க? ஈவிரக்கமே கிடையாதா உங்களுக்கு?"

"கேக்காம விட்டா வயசாகிப் போனாங்கன்னு எழுதிடுவாங்க, ஐயா. அடுத்து வர்ற பொண்ணுகிட்டயும் அதையே சொல்லி அனுப்புவாங்க."

மறுமுனையில் அழுகை. பிறகு, மெல்ல, அவர் சொல்லத் தொடங்கினார்.

அப்படிச் சேர்ந்த பதில்களால்தான் எங்களுக்குத் தெரியும்: நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் யார் மூச்சுத் திணறலோடு திரும்பி வந்தார்கள், யார் திரும்பவே இல்லை என்பது. வேறு யார் கேட்டார்கள்? வேறு யார் கேட்பார்கள்?

தலைவர் அவர்களே, புதன்கிழமைப் பிரிவை மூடப்போவதாகச் சொல்கிறீர்கள். தொடர்ந்து பார்க்க ஆளில்லையாம். துக்க மேடையில் மறுத்துப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆள் இருக்கிறது. நான் இருக்கிறேன். அறை தராவிட்டால் நடைக்கூடத்தில் பார்ப்பேன். போன் செய்வேன். அந்தக் கேள்வியைக் கேட்பேன். என் குரல் நடுங்கும். வீட்டில் எடுப்பவர்களே, தயவுசெய்து போனை வைத்துவிடாதீர்கள்.

இப்போது எல்லோரையும் எழுந்து நின்று மௌனம் காக்கச் சொல்வார்கள். புதன்கிழமைக்காரர்கள் எழ வேண்டாம். உட்கார்ந்தே இருங்கள். மூச்சு விடுங்கள்.