ஏழாம் நம்பர் படம்

— மெதுவா இறக்குங்க செயலாளர் சார். போர்வைக்குள்ள இருக்கறது எங்க அப்பா மானம்.

— அதனாலதாம்மா படத்துக்குச் சட்டம் போடற கடைக்கே கொண்டுவரச் சொன்னேன். அதாவது, ஓவியர் சங்கத்துக்கு ஐம்பதாவது வருஷம். சங்க வரலாறு புத்தகமா வருது. ஏழு அத்தியாயம் எழுதி முடிச்சாச்சு. எட்டாவது உங்க அப்பாவைப் பத்தினது. வெறும் தாளா கிடக்கு.

— முதல்ல பேச்சு முடியட்டும், அப்புறம் சரக்கைப் பிரிக்கலாம். பட்டன் மொத்த வியாபாரம் பண்றவ நான். பேசி முடிக்காம ஒரு டப்பா வெளிய போகாது.

— சொல்லுங்கம்மா.

— சங்கத்தை ஆரம்பிச்சவங்க பேர்ப் பலகையில அஞ்சாவது பேர் எங்க அப்பாது. அதைச் சுரண்டி எடுத்தீங்க. அது திரும்ப வரணும்.

— போட்டி அன்னிக்குப் படம் நேரா தொங்கினதுன்னு தெரிஞ்சா வரும். தலைகீழா தொங்கியிருந்தா, அதாவது, நான் என்ன பண்ண முடியும்.

— தலைகீழ்னா நான் படத்தைத் தூக்கிட்டுப் போயிடறேன். பேரையும் கேக்க மாட்டேன். நியாயமா?

— நியாயம்தாம்மா.

— அக்கா, ஆணி அடிக்கறவன் கேக்கறேன்னு நினைக்காதீங்க. ஒரு படத்தை மாட்டினதுலயா சங்கம் ரெண்டாச்சு?

— நீயே சார்கிட்ட கேளுப்பா. வரலாறு எழுதறவர் அவர்தானே.

— சொல்றேன். அப்ப ஒரு விதி. போட்டிப் படத்துல பேர் கூடாது, தலைப்பு கூடாது, கையெழுத்தும் கூடாது. நம்பர் மட்டும். நடுவர் ஆளைப் பார்த்துப் பரிசு குடுத்துடக் கூடாதுல்ல. ஏழாம் நம்பருக்கு முதல் பரிசு. அடுத்த நிமிஷமே ஒருத்தர் எழுந்து, படம் தலைகீழா தொங்குதுன்னாரு.

— போர்வையை எடுக்கறேன்க்கா. ஓ, சதுரம். அதான் வம்பு. எப்படித் திருப்பினாலும் நிக்கும். மேல நீலம், கீழ பழுப்பு. ரெண்டும் சேர்ற கோட்டுல, வலப்பக்கம் ஒதுங்கி ஒரு சிவப்புப் பொட்டு.

— நேர்க் கட்சிக்கு அது வானம், மண்ணு, சூரியன். தலைகீழ்க் கட்சிக்குக் கடல், புழுதி, படகு. இருபத்தெட்டு வருஷமா ஒரே அறையில ரெண்டு சங்கம். திங்கள் வியாழன் இவங்க, செவ்வாய் வெள்ளி அவங்க. அலமாரிக்கு ரெண்டு பூட்டு. இப்பதான் ஒண்ணா சேரலாம்னு இறங்கி வந்திருக்காங்க, அதுவும் எட்டாம் அத்தியாயத்தைப் படிச்ச பிறகுதானாம்.

— வரைஞ்சவர்கிட்ட எது மேலன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்.

— கேக்கல.

— ஒருத்தர் கூடவா?

— அவர் தாமதமா வந்தாரு. ரெண்டு கூட்டமும் கத்தறதைப் பார்த்தாரு. சிரிச்சாரு, கண்ல தண்ணி வர்ற வரைக்கும். ஏமாத்திப் பரிசு வாங்கிட்டு இளிக்கறான்னு ஒரு கட்சிக்குக் கோவம். உனக்காகத்தானே தொண்டை கிழியப் பேசறோம்னு இன்னொரு கட்சிக்குக் கோவம். அன்னிக்கு ரெண்டு கட்சியும் சேர்ந்து கை தூக்கின ஒரே தீர்மானம், அவரை நீக்கினதுதான்.

— வீட்டுக்கு வந்தும் சிரிச்சாரு. என் தலையில ஒரு தட்டு தட்டிட்டு மறுபடி சிரிச்சாரு. எனக்கு எட்டு வயசு. ஏம்ப்பான்னா, படம் வரட்டும், நீயே பார்ப்பேன்னாரு. படத்தை எங்க அனுப்பினீங்க? சாட்சின்னு பூட்டி வெச்சீங்க. அவர் போன பிறகுதான் வந்துது. அதுக்குள்ள பள்ளிக்கூடத்துல எனக்கு ஏமாத்துக்காரர் மகள்னு பேராச்சு. பரண்ல சுவரைப் பார்த்துத் திருப்பி வெச்சவதான், இன்னிக்குத்தான் இறக்கினேன்.

— சட்டத்தைக் கழட்டட்டுமாக்கா? மேலயும் கொக்கி, கீழயும் கொக்கி. ரெண்டு கட்சியும் மாட்டிப் பார்த்திருக்காங்க. ஆனா சட்டம் மூடின ஓரத்தை யாரும் பார்க்கல.

— ஓரத்துல என்ன இருக்கும்?

— தண்ணியா குழைச்ச பெயிண்ட்டுக்கா. வரையும்போதே ஓரத்துல வழிஞ்சிருக்கும். மனுஷன் எந்தக் கட்சியில வேணா இருக்கலாம், பெயிண்ட் கீழதான் ஓடும்.

— மேலயா கீழயா, சீக்கிரம் சொல்லுப்பா.

— ரெண்டும் இல்லக்கா.

— அதாவது?

— வழிசல் எல்லாம் வலப்பக்கமா ஓடியிருக்கு சார். அந்தப் பக்கம்தான் கீழ. நேராவும் மாட்டல, தலைகீழாவும் மாட்டல. படுக்கப் போட்டிருக்காங்க.

— இதுக்கு நாம ஒண்ணும் பேசிக்கலையேம்மா.

— இப்பப் பேசுவோம். அஞ்சாவது பேர் வருதா?

— வரும்மா. ரெண்டு கட்சியும் தப்புன்னு ஆன பிறகு யாரு வந்து தடுப்பாங்க.

— அந்த முனையைப் பிடிங்க சார். கால் சுத்து. அவ்வளவுதான். இப்ப வழிசல் தரையைப் பார்க்குது.

— நீலம் நெட்டுக்க நிக்குது. கதவு மாதிரி. லேசா திறந்த கதவு.

— எங்க வீட்டுக் கதவு. நீலம்தான் அடிச்சிருந்தோம்.

— அப்ப இடுக்குல, பாதிக்கும் கீழ, அந்தச் சிவப்பு? தாழ்ப்பாள்னா இவ்வளவு கீழ இருக்காதே. எட்டாம் அத்தியாயத்துல என்னன்னும்மா எழுதட்டும்?

— என் சடை ரிப்பன்னு எழுதுங்க. அப்பா வரையறப்போ அந்த இடுக்குல தலையை விட்டுப் பார்த்துக்கிட்டே நிப்பேன்.