அஞ்சாவது கேப்டன்

காலை ஷிப்டுக்கு ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரே சீருடையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த இளையவள் சொன்னாள்:

"எம் பொண்ணு அஞ்சாவது ஆள இன்னும் ஏத்துக்கலயேன்னு இருந்தேன்க்கா."

"இன்னாடி சொல்ற?" மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

"டிவில வர்ற விண்வெளிக் கப்பல் சீரியலச் சொல்றேன். அதுல கேப்டன் செத்து செத்து வேற உடம்புல வருவாரு. ஒவ்வொரு தபாவும் வேற நடிகர். நாலாவது ஆளுன்னா அவ அப்பாவுக்கு உசுரு. ரெண்டு பேரும் ஒரே போர்வைக்குள்ள உக்காந்து பாப்பாங்க. அவ அப்பா எறந்ததும் இவ பாக்கறதையே வுட்டுட்டா."

மூத்தவள் கேட்டாள்: "உன்னைக் கட்டிக்கப் போறவரு ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வந்தாராமே?"

"வந்தாரு. நேரா இவகிட்டப் போயி, அஞ்சு பேர்ல யாரு நல்லா நடிச்சதுன்னு கேட்டாரு. நாலாவதுன்னு இவ சொன்னா. எனக்கும் அவருதான்னாரு."

"அப்ப அஞ்சாவது ஆளு?"

"அதத்தான் இவளும் கேட்டா. 'அவரு நாலாவது ஆள் மாதிரி நடிக்கப் பாக்கலம்மா, அதனால அவரையும் புடிக்கும்'னாரு."

"புள்ள இன்னா சொல்லிச்சு?"

"ரிமோட்ட எடுத்தா. அஞ்சாவது ஆளு வர்ற மொத எபிசோடப் போட்டா. கொஞ்சம் நவுந்து அவருக்கு எடம் வுட்டா. டீ எடுத்துகினு வந்தவ நான் வாசப்படியிலயே நின்னுட்டேன்க்கா. உள்ள போனா கெட்டுடுமோன்னு பயம். டீ ஆறியே போச்சு."